கொடுமுடி கோகிலம் கே. பி. சுந்தராம்பாள்: வெண்ணிற ஆடையில் ஓர் இசைத் தவம்

முருகப் பெருமானின் திருவிழா என்றவுடன் தமிழர்தம் செவிகளில் தாமாகவே வந்து ஒலிக்கும் குரல்கள் சில உண்டு. நாதசுர இசைக்கும் உறுமி முழக்கத்திற்கும் இடையே, தண்ணீர்ப் பந்தல்களின் ஒலிபெருக்கிகளிலிருந்து கம்பீரமாய் எழுந்து, காவடி சுமந்து வரும் அன்பரின் களைப்பையும் மறக்கச் செய்யும் பெண்குரல் ஒன்று அவற்றுள் தலையாயது. கேட்பவரை அதட்டும், அடுத்த கணமே தாயாய் அணைக்கும். இறைவனோடு வாதாடும், வாதாடிக்கொண்டே அவன் திருவடியில் விழும். அக்குரலுக்கு உரியவரே கொடுமுடி கோகிலம் என்று போற்றப்பெற்ற கே. பி. சுந்தராம்பாள் அம்மையார்.

அம்மையார் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. நெற்றி நிறையத் திருநீறும், வெண்ணிற ஆடையும், கழுத்தில் உருத்திராக்கமுமாய் அவரைத் திரையில் கண்டவர்கள், பிறவியிலேயே அவர் இத்தகைய தவக்கோலம் பூண்டவர் என்றே எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. ஆரவாரம் மிகுந்த நாடக மேடையில் புகழின் உச்சியில் நின்ற ஓர் இளம் பாடகி, தம் இருபத்தைந்தாம் வயதில் ஏற்ற கோலம் அது. அக்கோலத்தை அவர் ஏன் ஏற்றார், ஏற்றபின் அதனை எவ்வாறு காத்தார், அதனால் தமிழ்ப் பக்தி உலகம் பெற்றது என்ன என்பதே அவருடைய வாழ்க்கை வரலாறு.

காவிரிக் கரையில் பிறந்த குரல்

கொங்கு நாட்டில் காவிரியின் கரையில் அமைந்த திருத்தலம் கொடுமுடி. மகுடேசுவரராகச் சிவபெருமான் எழுந்தருளியிருக்கும் அவ்வூரைத் தேவாரம் திருப்பாண்டிக் கொடுமுடி என்று போற்றும். மூவர் பாடலும் பெற்ற தலம் அது. சுந்தரமூர்த்தி நாயனார் தமது நமசிவாயத் திருப்பதிகத்தைப் பாடியருளியதும் அங்கேதான். ஐந்தெழுத்தை நாவினால் மறவாதிருக்கும் பேற்றைச் சுந்தரர் பாடிய ஊரில், சுந்தரரின் பெயரையே தன் பெயரில் கொண்ட பெண்குழந்தை ஒன்று 1908ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் பிறந்தது.

தாயார் பெயர் பாலாம்பாள். கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் என்பதன் சுருக்கமே கே. பி. சுந்தராம்பாள் என்னும் பெயர். தந்தையின் ஆதரவை இளமையிலேயே இழந்த குடும்பம் அது. வறுமை அவ்வீட்டின் நிலையான விருந்தாளி. இறைவன் அச்சிறுமிக்கு வேறெதையும் கொடுக்கவில்லை. நல்ல குரலை மட்டும் குறைவறக் கொடுத்திருந்தான்.

கொடுமுடி, ஈரோட்டுக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே செல்லும் இருப்புப் பாதையில் உள்ள ஊர். அப்பாதையில் ஓடிய இரயில் வண்டிகளில் பாடி, பயணிகள் தரும் காசைக் கொண்டுவந்து அச்சிறுமி வீட்டாரின் பசி தீர்த்தாள். அவ்வாறு பாடிய ஒரு நாளில்தான் எஃப். ஜி. நடேச ஐயரின் பார்வை அவள்மீது விழுந்தது என்பர். நடேச ஐயர் இரயில்வே அதிகாரி. நாடகக் கலையில் பெரும் பற்றுடையவர். திருச்சியில் இரசிக இரஞ்சன சபையை நிறுவியவர். அவருடைய தூண்டுதலால் சிறுமிக்கு நாடகக் கம்பெனியின் கதவு திறந்தது. நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் பிள்ளையின் வேடம் அவளுக்கு முதலில் வாய்த்ததாகக் கூறுவர். பசியைப் பற்றிப் பாட அவளுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

ஒலிபெருக்கி இல்லாத மேடை

அக்கால நாடகம் இக்காலத்தவர் அறியும் நாடகம் போன்றதன்று. சங்கரதாஸ் சுவாமிகள் முதலியோர் வகுத்த வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் போன்ற நாடகங்கள் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடைபெறும். உரையாடலைக் காட்டிலும் பாட்டே மிகுதி. ஒலிபெருக்கி கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் மண் தரையில் அமர்ந்திருப்பவரின் செவிக்கும் பாட்டின் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாய்ச் சென்று சேர வேண்டும். சேராவிட்டால் மக்கள் பொறுக்கமாட்டார்கள்.

நாடகக் கம்பெனிகளைத் தவிர ஸ்பெஷல் நாடகம் என்னும் முறையும் அன்று வழக்கில் இருந்தது. வெவ்வேறு ஊர்களைச் சேர்ந்த நடிகர்களை ஒப்பந்தக்காரர் ஒருவர் தனித்தனியே அமர்த்துவார். அவர்கள் ஒத்திகை ஏதுமின்றி மேடையிலேயே சந்தித்துப் பாட்டாலும் வாதத்தாலும் ஒருவரை ஒருவர் வெல்ல முயல்வர். வள்ளியும் நாரதரும் தர்க்கம் செய்யும் கட்டத்தைக் காண்பதற்கென்றே ஊர்மக்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். இத்தகைய மேடைகளில் புடம்போடப்பட்ட குரல்தான் சுந்தராம்பாளுடையது. மேல் ஸ்தாயியில் நெடுநேரம் நின்று பாடினும் சொல் சிதையாத அவருடைய பாங்கு, இந்த மேடைகள் தந்த பயிற்சியின் பயனே. வேலு நாயரின் நாடகக் குழுவில் அவர் பெண் வேடங்களோடு ஆண் வேடங்களும் தாங்கிப் புகழ் ஈட்டினார்.

மேடை புகழைத் தந்தது, மதிப்பைத் தரவில்லை. நாடகத்தில் நடிக்கும் பெண்ணைச் சமுதாயம் கூத்தாடி என்று இகழ்ந்த காலம் அது. இரவெல்லாம் பாட்டைக் கேட்டுத் தலையசைத்தவர்கள், பகலில் அவளைத் தம் வீட்டுத் திண்ணையில் அமர்த்தவும் தயங்கினர். பின்னாளில் அம்மையாருக்குக் கிடைத்த மரியாதையின் அளவை உணர வேண்டுமாயின், அவர் புறப்பட்ட இடம் இது என்பதை நாம் மறக்கலாகாது.

செங்கோட்டையாரும் கொடுமுடியாரும்

தமிழ் நாடகக் குழுக்களுக்கு அக்காலத்தில் இலங்கை இன்னொரு தாய்வீடு. கொழும்பு நகரின் கொட்டகைகளில் தமிழகக் கலைஞர்கள் மாதக்கணக்கில் தங்கி நாடகம் நடத்துவர். அங்குதான், 1920களின் நடுவில், சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் ஒரே மேடையில் இணைந்தனர்.

செங்கோட்டையில் 1906ஆம் ஆண்டு பிறந்த கிட்டப்பா, சிறு பிள்ளையாக மேடையேறியவர். கன்னையா கம்பெனியின் தசாவதாரம் நாடகத்தில் பரதனாகத் தோன்றி மக்களை உருக வைத்தவர். சங்கீத வித்துவான்களும் வியந்து கேட்ட குரல் அவருடையது. அவருடன் பாடினால் எவரும் எடுபடமாட்டார் என்னும் அச்சம் நாடக உலகில் இருந்தது. சுந்தராம்பாள் எடுபட்டார். ஒருவர் பாடி நிறுத்திய இடத்திலிருந்து மற்றவர் தொடங்கி மேலே கொண்டுசெல்ல, இரசிகர்களுக்கு விடிந்ததே தெரியாதாம்.

மேடையில் இணைந்தவர்கள் வாழ்விலும் இணைந்தனர். 1927ஆம் ஆண்டு அவர்கள் திருமணம் செய்துகொண்டனர். கிட்டப்பா முன்னரே மணமானவர். குலத்தாலும் இருவரும் வேறுபட்டவர்கள். ஊர் வாய்க்கு இவ்வளவு போதாதா? அம்மையாரின் இல்லற வாழ்வு மலர்ப்பாதையாக இருக்கவில்லை. பிறந்த குழந்தை நிலைக்கவில்லை. பிணக்கும் பிரிவும், மீண்டும் கூடலும், மீண்டும் பிரிவுமாகவே ஆண்டுகள் கழிந்தன. அவர் கணவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சேறின. அன்பும் ஆற்றாமையும் ஒருங்கே நிறைந்த மடல்கள் அவை.

கிட்டப்பாவின் உடல்நலத்தை மதுப்பழக்கம் அரித்தது. 1933ஆம் ஆண்டு திருவாரூரில் நடந்த நாடகத்தின்போது அவர் மேடையிலேயே நிலைகுலைந்து வீழ்ந்தார். அவ்வாண்டு டிசம்பர் 2ஆம் நாள் அவருடைய உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. ஆறாண்டு இல்லறத்தின் முடிவில் சுந்தராம்பாளுக்கு எஞ்சியவை இருபத்தைந்து வயதும் கைம்பெண் கோலமுமே.

தாமே வகுத்துக்கொண்ட நோன்பு

அக்காலத்தில் கணவனை இழந்த பெண்ணுக்கு வெள்ளை ஆடையும் மூலையில் ஓர் இடமும் என்று சமுதாயம் விதித்திருந்தது. சுந்தராம்பாள் வெள்ளை ஆடையை ஏற்றார், மூலையை ஏற்கவில்லை. நகைகளைக் களைந்தார். உணவில் பாலை விலக்கினார். இனி எந்த ஆணுக்கும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். காதற் பாட்டும் சிருங்கார வேடமுமே நாயகிக்குச் சோறு போட்ட தொழிலில், இவ்வுறுதி தம் தொழிலையே துறப்பதற்கு ஒப்பாகும்.

கணவரை இழந்த துயரில் அம்மையார் மேடையை விட்டே சிலகாலம் ஒதுங்கியிருந்தார். அவரை மீண்டும் பொதுவாழ்வுக்கு அழைத்தவர்களுள் முதன்மையானவர் விடுதலை வீரர் தீரர் சத்தியமூர்த்தி. நாடகக் கலைஞர்களின் குரல் நாட்டு விடுதலைக்குப் பயன்பட வேண்டும் என்று உழைத்தவர் அவர். அம்மையார் கதர் உடுத்தி, காங்கிரஸ் மேடைகளில் தேசியப் பாடல்களைப் பாடினார். அவர் பாடிய தேசியப் பாடல்கள் இசைத்தட்டுகளாகவும் பரவின. காந்தியடிகள் கொடுமுடியில் அம்மையாரின் இல்லத்திற்கு வந்து பொன் தட்டில் உணவருந்தியதாகவும், அத்தட்டையே அண்ணல் நன்கொடையாகக் கேட்டுப் பெற்றதாகவும் ஒரு செய்தி இன்றும் பலரால் எடுத்துரைக்கப்படுகிறது.

நந்தனாராய் நின்ற பெண்மணி

தமிழ்ப் பேசும்படம் அப்போது தவழும் பருவத்தில் இருந்தது. நந்தனார் சரித்திரத்தைப் படமாக்க விரும்பிய வடநாட்டுப் பட முதலாளி ஒருவர் அம்மையாரை நாடினார். அம்மையாருக்கு நடிக்க விருப்பமில்லை. கேட்டவர் திகைத்துத் திரும்பிவிடட்டும் என்று ஒரு இலட்சம் ரூபாய் கேட்டார் என்பர். ஆயிரம் ரூபாயே பெருஞ்செல்வமாக எண்ணப்பட்ட காலம் அது. வந்தவரோ சம்மதித்துவிட்டார்! மாணிக்லால் டாண்டன் இயக்கத்தில் பக்த நந்தனார் 1935ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒரு இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்ற கலைஞர் என்று நாடே அம்மையாரைப் பற்றிப் பேசியது.

பணத்தைக் காட்டிலும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது அவர் ஏற்ற வேடத்தை. திருநாளைப்போவார் என்று பெரியபுராணம் போற்றும் நந்தனார், தில்லைக் கூத்தனைக் காணும் வேட்கையில் நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று உருகிய அடியார். பிறப்பின் காரணமாகக் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர். அவ்வேடத்தை ஒரு பெண், அதுவும் கைம்பெண், தாங்கினார். புகழ்பெற்ற சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார். நந்தனின் பெருமையை உணர்ந்து வேதியர் வணங்கும் கட்டம் வைதிகர் சிலரின் முணுமுணுப்புக்கு ஆளாயிற்று.

படம் பெருவெற்றி பெறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எழுத்தாளர் கல்கி அதனைக் கடுமையாகவே விமரிசித்தார். ஆயினும் அது வெளிவந்த காலத்தை நோக்குங்கள். திருவிதாங்கூரில் ஆலய நுழைவுப் பிரகடனம் வெளிவந்தது 1936ஆம் ஆண்டு. மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்தில் வைத்தியநாத ஐயரின் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தது 1939ஆம் ஆண்டு. அதற்கு முன்பே, கோயிலுக்கு வெளியே நின்ற பக்தனின் ஏக்கத்தைத் தமிழ்நாட்டின் கொட்டகைகளில் பாடிய குரல், தானும் மங்கல அவைகளுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவரின் குரல் என்பது நெஞ்சில் கொள்ளத்தக்கது.

ஔவையும் அம்மையாரும்

நந்தனாருக்குப் பின் 1940இல் மணிமேகலை படத்தில் துறவு பூண்ட காப்பிய நாயகியாகத் தோன்றிய அம்மையாரை, தமிழர் அனைவரின் உள்ளத்திலும் நிலைபெறச் செய்தது 1953ஆம் ஆண்டு வெளிவந்த ஔவையார். ஜெமினி எஸ். எஸ். வாசன் பெரும்பொருள் செலவிட்டுப் பல ஆண்டுகள் உழைத்து எடுத்த படம் அது. இயக்கியவர் கொத்தமங்கலம் சுப்பு.

ஔவையின் கதை நாமறிந்ததே. திருமணத்திற்குப் பெற்றோர் ஏற்பாடு செய்தபோது, இல்லற வாழ்வை விரும்பாத கன்னி விநாயகப் பெருமானிடம் முறையிடுகிறாள். இளமையையும் அழகையும் எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறாள். வேண்டியவாறே மூதாட்டியாகிறாள். அதன்பின் அவளுக்குக் கட்டுக்காவல் ஏது? ஊர் ஊராய் நடக்கிறாள். மன்னரைத் திருத்துகிறாள்; எளியவரின் கூழை உண்டு வாழ்த்துகிறாள்; குழந்தைகளுக்கு அறம் புகட்டுகிறாள். இளமையைக் கொடுத்து அவள் பெற்றது விடுதலை.

இக்கதையில் நடித்தபோது அம்மையாருக்கு வயது நாற்பத்தைந்தைக்கூட எட்டவில்லை. ஆனால் அவருடைய கோலத்தில் ஒப்பனைக்காரருக்கு அதிக வேலை இருந்திருக்காது. தம் இளமையை அவர் இருபது ஆண்டுகளுக்கு முன்பே கொடுத்துவிட்டிருந்தார். திரையில் ஔவை நடந்தபோது, மக்கள் வேடத்தையும் வேடதாரியையும் பிரித்துப் பார்க்க மறந்தனர். ஔவை என்றால் சுந்தராம்பாள், சுந்தராம்பாள் என்றால் ஔவை என்றாகிவிட்டது. பள்ளி மேடைகளில் ஔவை வேடமிடும் பிள்ளைகள் இன்றும் அவருடைய நடையையும் குரலையுமே பின்பற்றுகின்றனர்.

1950களில் சென்னை மாநில சட்ட மேலவையிலும் அம்மையார் உறுப்பினராக வீற்றிருந்தார். இந்தியாவில் திரைக்கலைஞர் ஒருவர் சட்டமன்ற அவையில் இடம்பெற்றது அதுவே முதன்முறை என்பர். கூத்தாடி என்று இகழப்பட்ட தொழிலிலிருந்து சென்றவர், அறிஞரும் பெருமக்களும் அமரும் அவையில் அமர்ந்தார்.

கோபித்த குமரனை அழைத்த குரல்

கலைவாழ்வில் பலர் ஓய்ந்துவிடும் வயதில் அம்மையாருக்கு இன்னொரு வசந்தம் வந்தது. 1964ஆம் ஆண்டு, கலைஞர் மு. கருணாநிதியின் எழுத்தில் உருவான பூம்புகார் படத்தில் அவர் கவுந்தியடிகளாகத் தோன்றினார். கண்ணகிக்கும் கோவலனுக்கும் மதுரை வழித்துணையாய் வந்த சமணத் துறவியின் வேடம் அது.

அடுத்த ஆண்டு, ஏ. பி. நாகராஜனின் திருவிளையாடல் வெளிவந்தது. நாரதர் கொணர்ந்த ஞானப்பழம் தமையனுக்குப் போய்விட, இளைய பிள்ளை கோபித்து ஆண்டிக்கோலம் பூண்டு மலையேறி நிற்கும் கட்டம். சமாதானம் சொல்ல வருகிறார் ஔவை. கவியரசு கண்ணதாசன் எழுதி, கே. வி. மகாதேவன் இசையமைத்த பாடலை அம்மையார் பாடுகிறார். ஐம்பத்தேழை நெருங்கிய வயதில், திரையரங்கின் கூரையைத் தொடும் குரல்! கோபம் கொண்ட குழந்தையைப் பாட்டி ஒருத்தி தேற்றும் உரிமையும், பரம்பொருளின் முன் அடியாள் ஒருத்தி நிற்கும் பணிவும் ஒரே மூச்சில் கலந்து வருகின்றன. பழனி என்னும் பெயர் சொல்லப்படும் இடமெல்லாம் அப்பாடல் ஒலிக்கிறது.

பிறந்த மடியில் தன் குழந்தையை நிலைக்கப் பெறாத தாய் அவர் என்பதை அறிந்தவர்கள், அப்பாடலை வெறும் திரைப்பாடலாகக் கேட்க இயலுமா? தமிழ்க் கடவுளையே தம் பிள்ளையாய்ப் பாவித்துப் பாடும் உரிமையை இறைவன் அவருக்கு அளித்தான் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

1967ஆம் ஆண்டு வெளிவந்த கந்தன் கருணையில் மூன்றாம் முறையாக ஔவையானார். அதில் முருகன் வினவ ஔவை விடையிறுக்கும் கட்டம் பெரிதும் போற்றப்பட்டது. 1969ஆம் ஆண்டு, முருகனடியார் சாண்டோ சின்னப்பா தேவர் தயாரித்த துணைவன் படத்தில் பாடியதற்காக, சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அம்மையாருக்குக் கிடைத்தது. அவ்விருது நிறுவப்பட்டபின் அதனைப் பெற்ற இரண்டாவது பாடகி அவர். அறுபது வயதைக் கடந்த ஒருவர், முருகன் பாடலுக்காக, இந்திய நாட்டின் மொழிகள் அனைத்திலும் பாடிய இளங்குரல்களை வென்றார். 1970இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. தமிழ் இசைச் சங்கத்தின் இசைப்பேரறிஞர் பட்டமும் அவருக்கு உரியதாயிற்று.

பேயுரு வேண்டிய பெருமாட்டி

1973ஆம் ஆண்டு, மீண்டும் ஏ. பி. நாகராஜனின் இயக்கத்தில், குன்னக்குடி வைத்தியநாதனின் இசையில், காரைக்கால் அம்மையார் வெளிவந்தது. இல்லத்தரசி புனிதவதியாக நடிகை இலட்சுமி தோன்றினார். பேயுருப் பெற்றபின் உள்ள அம்மையாராகத் தோன்றியவர் சுந்தராம்பாள்.

அறுபத்துமூன்று நாயன்மார்களுள் பெண்கள் மூவரே. அவர்களுள் ஒருவரான காரைக்கால் அம்மையார், மாங்கனியின் அற்புதத்தைக் கண்டு அஞ்சிய கணவன் பிரிந்து சென்றபின், அவன்பொருட்டுத் தாங்கிய அழகு இனி எதற்கென்று இறைவனிடம் பேயுரு வேண்டிப் பெற்றவர். கயிலைமலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து சென்றவர். உலகுக்கெல்லாம் தந்தையாகிய ஈசனே அம்மையே என்று அழைத்த பெருமைக்கு உரியவர்.

ஔவை, மணிமேகலை, கவுந்தி, காரைக்கால் அம்மையார் என்று அம்மையார் ஏற்ற வேடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். அனைவரும் இளமையையும் அலங்காரத்தையும் துறந்தவர்கள். துறந்ததனால் சிறுமை எய்தாமல் பெருமை எய்தியவர்கள். ஆணுக்கு இணையாக நடிப்பதில்லை என்று இருபத்தைந்து வயதில் அம்மையார் பூண்ட நோன்பு அவருடைய கலைக்கு முற்றுப்புள்ளியாகும் என்றே எவரும் நினைத்திருப்பர். மாறாக, அந்நோன்பே தமிழ்ப் பக்தி மரபின் மாபெரும் பெண்களை ஒருவர்பின் ஒருவராக அவரிடம் அழைத்து வந்தது. திரையுலகம் தன் வழக்கத்திற்கு அவரை வளைக்க இயலவில்லை. அவருடைய நோன்புக்கு ஏற்ப வேடங்களைத் தேடிக் கொணர வேண்டியதாயிற்று.

நாம் பெறும் பாடம்

1980ஆம் ஆண்டு அம்மையார் இறைவனடி சேர்ந்தார். கணவரை இழந்தபின் ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகள், தாம் ஏற்ற வெண்ணிற ஆடையை மாற்றாமலும், தாம் கொண்ட உறுதியைத் தளர்த்தாமலும் வாழ்ந்து முடித்தார். பெருஞ்செல்வம் ஈட்டியும் கொடுமுடியை மறவாதவர் அவர். ஊரின் பெயர் அவருடைய பெயரின் முதலெழுத்தாக இருந்தது. இறுதியில் அவருடைய பெயரே அவ்வூருக்கு முகவரியாயிற்று.

பக்தப் பெருமக்கள் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கைம்பெண் எதிர்ப்பட்டால் அபசகுனம் என்று ஒதுங்கிய அதே சமுதாயம், ஒரு கைம்பெண்ணின் குரலைக் கொண்டே தன் திருவிழாக்களை விடியச் செய்தது. திருமண மண்டபத்தில் முன்வரிசையில் நிற்கக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட கோலம், அவர் அணிந்தபோது தெய்வத் திருக்கோலமாயிற்று; கண்டவர் கைகூப்பினர். அப்படியானால் குறை கோலத்திலா இருந்தது? பார்த்த கண்களில் அன்றோ இருந்தது!

ஆயினும் நாம் அம்மையாருக்குக் கைகூப்பியது போதும் என்று நின்றுவிட்டோம். அவரைப்போலவே கணவனை இழந்து, அவரைப்போன்ற குரலும் புகழும் வாய்க்கப்பெறாத எத்தனையோ தாய்மார்களை மறந்தோம். பால்குடம் எடுக்கும் வரிசையிலும், விளக்குப் பூசையின் அரங்கிலும், ஆலயத்தின் உபயக்காரர் நிற்கும் இடத்திலும் அவர்கள் பின்னே ஒதுங்கி நிற்கும் காட்சி முற்றிலும் மறைந்துவிட்டதென்று சொல்வதற்கில்லை. எவரும் தடுக்காவிட்டாலும் அவர்களாகவே ஒதுங்கிக்கொள்கின்றனர். வாருங்கள் என்று அழைப்பாரும் இல்லை.

ஆலயப் பொறுப்பில் உள்ளோரும் அன்பர்களும் அத்தாய்மாரை முன்னே அழைத்து விளக்கேற்றச் சொல்வார்களாயின், அதுவே கொடுமுடி கோகிலத்திற்கு நாம் செலுத்தும் மெய்யான காணிக்கையாகும். ஈசனே அம்மையே என்று அழைத்த பெண்மைக் கோலம் அலங்காரக் கோலமன்று. அனைத்தையும் துறந்து நின்ற கோலம். அதனை நினைவில் கொண்டு நடப்போமாக. கந்தவேள் கருணை அனைவருக்கும் துணைநிற்பதாக!